நங்கூரக் காவல்

அஜ்மானுக்கு நாலு மைல் வெளியே
பதினோராவது மாதமாக நிற்கிறோம்.
முதலாளியின் எண் முதலில் ஒலித்துக்கொண்டே இருந்தது.
பிறகு ஒரு பெண், புரியாத மொழியில்,
அந்த எண் உபயோகத்தில் இல்லை என்பதுபோல் ஏதோ சொன்னாள்.
அவள் குரலைக் கேட்கவாவது
மச்சாடு தினம் ஒருமுறை அழைக்கிறான்.

ஜெனரேட்டர் இரவில் இரண்டு மணி நேரம்.
அப்போது ஏசி சொட்டுவதை வாளியில் பிடிக்கிறோம்.
அரிசியில் வண்டு. பொறுக்க நேரம் நிறைய.
கரையில் ஓட்டல் விளக்குகள்
மாடி மாடியாய் ஏறி இறங்குகின்றன,
யாரோ யாரையோ கொண்டாடுகிறார்கள்.

மெஸ் சுவரில் ஒரு பச்சை அம்பு. கிப்லா.
துறைமுகத்தில் கட்டிக் கிடந்த நாளில்
எனக்கு முன்னிருந்த எவரோ ஒட்டியது.
அன்று அது சரி.
பகலில் கடற்காற்று; கப்பல் மூக்கை வடமேற்கே நீட்டும்.
இரவில் தரைக்காற்று; திரும்பி ஊரைப் பார்க்கும்.
அம்பும் கூடவே சுற்றும்:
ஒரு நேரம் ஈரானை, ஒரு நேரம் பாலைவனத்தை,
ஓர் அசருக்கு
கழிவெண்ணெய் எடுக்க வந்த படகை.

என் பெயர் சேகு நூகு.
கப்பலில் ஒரு நூகு இருந்தால்
கரை வந்தே தீருமென்று
சேர்ந்த புதிதில் சிரித்தார்கள்.
இப்போது யாரும் அதை எடுப்பதில்லை.

ஏழாம் மாதம் தொழுகையை விட்டேன்.
கோபத்தில் இல்லை, கூச்சத்தில்.
ஒரு சுபுஹுக்குப் பின் கையேந்தியபோது
நான் கேட்பதெல்லாம்
முதலாளிக்கு அனுப்பிய மனுவின் வாசகம் என்று தெரிந்தது.
மதிப்பிற்குரிய ஐயா. எங்கள் நிலையை. தயவுசெய்து. விரைவில்.
அதே பணிவு. அதே மூச்சு.
ஒன்பது பேரின் கையெழுத்து மட்டும் இல்லை.
முதலாளி பக்கமாவது கடைசியாக
இரண்டு நீலக்கோடு விழுந்திருந்தது.

முசல்லாவைச் சுருட்டித் தலையணைக்கடியில் வைத்தேன்.
தலை சற்று உயர்ந்தது. நன்றாகத் தூக்கம் வந்தது.
பயந்தது அதற்குத்தான்.

வளையலை விற்றதை
மகளின் இருமலுக்கு நடுவே சொன்னாள் சுலைஹா.
நோன்பு வைக்கிறீங்களா என்றாள்.
ஆமாம் என்றேன்.
வயிறு உண்மை. நான் பொய்.

நள்ளிரவிலிருந்து நாலு வரை என் காவல்.
மணிக்கொருமுறை கரையின் இரண்டு விளக்குகளைத்
திசைகாட்டியில் பிடித்து எழுத வேண்டும்,
மினாராவின் பச்சை, கிரேன் உச்சியின் சிவப்பு.
கப்பல் சுற்றினால் சுற்றட்டும்.
நங்கூரம் இழுபடுகிறதா என்பதே கேள்வி.
தளத்தில் நிற்பவனுக்கு
இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும்,
வானம் நகரும், வயிறு புரளும்.

ஒரு ஷமால் இரவு,
காற்று ஏற ஏற, சங்கிலியை இன்னும் விட்டோம்.
இறுக்கவில்லை. விட்டோம்.
பிரேக்கைத் திருகியது என் கைதான்.
அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மூன்று நாள் கழித்து,
காற்றே இல்லாத ஓர் இரவில்,
விளக்குகளை எழுதி முடித்தேன். இடம் மாறவில்லை.
பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்தேன்.

ஒளுவுக்குக் கடலை மொண்டேன்.
உதட்டில் உப்பு.
அம்பிடம் போகவில்லை. மேல்தளத்தில் முசல்லாவை விரித்து
மேற்கே, சற்றுத் தெற்கு வாங்கி நின்றேன்.
கேட்க எதுவுமில்லை.
இருக்கிறாயா என்பது மட்டும் இருந்தது.
அதையே சொன்னேன்,
தக்பீருக்கு முன், தமிழில்.

முதல் ரக்அத்தில் நீரோட்டம் மாறியது.
பாதத்தைக் கொஞ்சம் நகர்த்தினேன்.
இரண்டாவதில் இன்னும் கொஞ்சம்.
சஜ்தாவில், துணிக்கடியில், இரும்பு
பகலின் சூட்டை இன்னும் வைத்திருந்தது.
பதில் என்று எதையும் சொல்ல மாட்டேன்.

வலப்பக்கம் சலாம் கொடுத்தேன்.
அங்கே தூண்டிலோடு மச்சாடு.
ஜெபமாலையை மீன்முள் டப்பாவில் போட்டு
மாதங்கள் ஆனவன்.
தனக்குத்தான் என்று நினைத்து
வாளியைக் கீழே வைத்துவிட்டுக்
கையை உயர்த்தினான்.

இடப்பக்கம் திரும்ப
எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.