ஒரே கோடு

சனையா, முப்பத்தெட்டாம் தெரு. வெள்ளிக்கிழமை.
பருப்பு தாளிக்கிற புகைக்குள்
படிவத்தை விரித்தேன்.

கடன் எவ்வளவு?

"எதைச் சொல்ல?" என்றார் சந்தியாகு,
நகவெட்டியை மடக்கிக்கொண்டே.
"அப்பா லாஞ்சில் வந்த கடனா,
அவரைப் பெட்டியில் ஊருக்கு அனுப்பின கடனா,
எங்க ரெண்டு பேர் விசாவுக்கு வாங்கினதா?"

படிவத்தில் ஒரே கோடுதான் இருந்தது.

"மொத்தமா மூணு லட்சம்னு போடுங்க."

மேல் கட்டிலில்
காதில் இயர்போனோடு படுத்திருந்த மகன்
கண் திறக்காமல் சொன்னான்:
"நாலே கால். வட்டியோட."

இவனிடம் நான் சொன்னதே இல்லையே
என்பதுபோல் அவர் என்னைப் பார்த்தார்.
வாளிக்குள் ஏசி சொட்டியது.

அப்போதுதான் கவனித்தேன்,
இயர்போனின் மறுமுனை
கட்டில் கம்பிக்கு வெளியே தொங்குகிறது,
எதிலும் செருகாமல்.