ஏழாவது வாளி

கல்முனை டாக்டர் சொன்னபடி
இலவம்பஞ்சுத் தலையணைகளை எறிந்தோம்.
சாம்பிராணிச் சட்டியைக் கவிழ்த்து வைத்தோம்.
பூனையைச் சாக்கில் போட்டு
நிந்தவூருக்கு, மச்சி வீட்டுக்கு அனுப்பினோம்;
போகும் வழியெல்லாம் கத்தியதாம்.

அப்படியும் ஹனூனாவுக்கு
இரவில் இழுப்பு நிற்கவில்லை.
நெஞ்சுக்குள் யாரோ
ஈர விறகை ஊதுவதுபோல.
மருந்துக் குழாய் தலைமாட்டிலேயே கிடந்தது.

கச்சான் அடித்த ஒரு பின்னேரம்
இவருடைய சட்டையை உதறினேன்:
சம்மாந்துறை மில்லின் உமித்தூசு
முற்றம் முழுக்க எழுந்து நின்றது.
இவரைத்தானே ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள்
தினமும்.

இப்போது சட்டை வேலியில்.
இவர் கிணற்றடியில்.
கதவுக்குள் நின்று
வாளிகளை எண்ணுகிறாள் பிள்ளை.
ஆறிலேயே கால் துடிக்கிறது.
ஏழு என்றதும் பாய்கிறாள்
ஈரத் தலையோடு வரும் வாப்பாமேல்.

பூனையைத் திருப்பிக் கேட்டேன்.
மச்சி தரமாட்டாளாம்.