ஆறு மில்லிமீட்டர்

பெரிய மழையில்லை. ஆறு மில்லிமீட்டர்.
அடிலெய்டில் யாரும் குடை விரித்திருக்க மாட்டார்கள்.
பாலக்லாவாவில் அன்றிரவு
டேரில் நோஸ்கே விளக்கைப் போடாமல்
தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்து
துளிகளுக்கு விலை போட்டுக்கொண்டிருந்தாராம்.
அறுத்துப் போட்ட ஓட்ஸ் புல்
நூற்றிருபது ஹெக்டேர்
வரிசை வரிசையாய்க் கிடந்து நனைந்தது,
பந்தி முடிந்தும் யாரும் சுருட்ட வராத
கல்யாண ஜமக்காளம் போல.

என் வேலை துளை போடுவது.
கட்டின் நெற்றியில் இரும்புக் குழாயை வைத்து
டிரில்லை அழுத்தினால்
ஒரு முழ ஆழத்திலிருந்து
செப்டம்பர் மாதம் தூளாக வெளியே வரும்.
பையில் போட்டு, எண் எழுதி, ஆய்வகத்துக்கு.
நார் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு,
மாட்டைச் சுருட்டி விழத்தாட்டும் அந்தக் கிருமி
கதிரில் ஒளிந்திருக்கிறதா இல்லையா.
டேரிலின் புல் எல்லாவற்றிலும் பாஸ்.
நிறத்துக்கு மட்டும் என்னிடம் கருவி இல்லை.

அதற்கு ஹிராத்சுகா வருகிறார், வருடத்துக்கு இருமுறை.
தாள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு
கட்டிலிருந்து ஒரு பிடி உருவி
வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்ப்பார்,
டியூப்லைட்டை நம்பாமல்
சேலையைத் தெருவுக்கு எடுத்து வருகிறவர்களைப் போல.
பிறகு ஒரு தண்டை மெல்லுவார்.
ஹொக்கைடோவில் ஒரு பசு முகம் திருப்பினால்
இங்கே ஒரு டிராக்டரின் தவணை நிற்கும்.
டேரில் தொப்பியின் விளிம்பைச்
சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார்.
"இனிப்பு இருக்கிறது," என்றார் ஹிராத்சுகா.
"பச்சை போய்விட்டது."
தலை தாழ்த்தித்தான் சொன்னார்.
கரூரில் ஏழு வருடம்
ஏற்றுமதிப் போர்வைகளுக்குக் குறை பார்த்தவள் நான்.
தலை தாழ்த்திச் சொன்னாலும்
அந்தச் சொல்லின் எடை குறைவதில்லை.

பிற்பகலில் வேறொருவர் புல்லை ஏற்றினோம்.
இரண்டு கட்டை ஒன்றாய் நசுக்கும் இயந்திரம்;
காற்றுக்கெல்லாம் கப்பல் கூலி கொடுக்க முடியாது.
பெட்டிகள் இங்கே வரும்போது
நாற்காலி, சைக்கிள், செருப்போடு வருகின்றன.
திரும்பும்போது வெறுங்கையோடு போகக் கூடாதென்று
புல்லைக் கொடுத்து அனுப்புகிறோம்.
முதலில் பெருக்க வேண்டும்.
ஒரு விதை, ஒரு இறகு, ஒரு சிட்டிகை மண்
அந்தக் கரையில் கண்ணில் பட்டால்
பெட்டியே திரும்பி வரும்.
மூலையில் ஒரு குழந்தைச் செருப்பு கிடந்தது, இடது கால்.
எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.
என் லாக்கரில் வைத்திருக்கிறேன்.

வடக்கே, கேரியட்டன் பக்கம்,
மூன்றாவது வருடமாக வானம் சும்மா இருக்கிறது.
டேரிலின் மைத்துனர் கிளென்
போன வருடம் போன் செய்தார்:
ஐம்பது கட்டு, ஆடுகளுக்கு,
சொந்தக்காரன் விலையில்.
டேரில் ஜப்பான் விலையைச் சொன்னார்.
அந்தக் கிறிஸ்துமஸுக்கு
இரண்டு வீட்டிலும் தனித்தனியாக வான்கோழி வெந்தது.

இப்போது ஜப்பான் வேண்டாமென்ற எண்ணூறு கட்டு
கொட்டகையில் பழுப்பாக நிற்கிறது.
வியாழக்கிழமை டேரில் என் மேஜைக்கு வந்தார்,
எடைச்சீட்டு எழுதச் சொல்லி.
"பெறுபவர் இடத்தில் கிளென் பெயர் போடு."
"விலை?"
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார்,
அங்கே இன்னும் மழை பெய்துகொண்டிருப்பது போல.
"காலியாக விடு. அவனே எழுதிக்கொள்ளட்டும்."
அப்படி விடக் கூடாதென்பது விதி.
விட்டேன்.

முதல் லாரி வடக்கே திரும்பியது.
பட்டையைச் சரியாக இறுக்கவில்லை போலும்,
தார்ச்சாலையில் தண்டு தண்டாய் உதிர்ந்துகொண்டே போனது.
பின்னாலேயே ரோஜா நிறக் காக்கட்டூகள்
கத்திக்கொண்டு இறங்கி
மென்று தீர்த்தன,
ஒன்றுகூட வெயிலில் பிடித்துப் பார்க்காமல்.