கரைவுக் கணக்கு

மோல்மேனிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டால்
மைலில் சொல்ல எனக்குத் தெரியாது.
நான் ஐஸ் ஏற்றுகிறவன்.
வாத்துத்தீவுக்கு நாலு விரற்கடை.
கயிறு திரிக்கிற தீவுக்கு ஒரு சாண்.
அதற்கும் அப்பால், நாணல் முடிந்து
ஆறு தன்னைக் கடலென்று ஒப்புக்கொள்கிற இடத்தில்
ஒட்டியும் ஒட்டாமலும் கிடக்கிற மூன்றுக்கும்
கால் பாளம் போய்விடும்.

உமி, சாக்கு, மேலே தார்ப்பாய்.
இருட்டோடு கிளம்புவோம், நானும் மின் சோவும்.
சீன எஞ்சின் இருமி இருமி ஓடும்.
திரும்பினால் மலைமேல் பகோடா வெளிச்சம்.
நகரம் தன் மின்சாரத்தைத்
தண்ணீரின் விளிம்புவரை கொட்டிவிட்டு
அங்கேயே நின்றுவிடும்.
தீவுக்காரர்களுக்கு அதைப் பார்க்க மட்டும்
கட்டணமில்லை.
பெரிய தீவுக்குப் பாலம் போட்டாகிவிட்டது.
இவற்றுக்கு
நான் கொண்டுபோகிற பாளம்தான்.

மீன்காரர்களுக்கு முழுசு.
சர்பத் விற்கிற மா கின்னுக்கு ஒரு துண்டு.
ஒரு பையன் தினமும் ஓடிவருவான்.
வாங்கமாட்டான்.
ரம்பம் சிதறுகிற தூளை இரண்டு கையிலும் ஏந்தி
வீடுவரை கொண்டுபோகப் பார்ப்பான்.
இதுவரை முடிந்ததில்லை.

தண்ணீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம்
கடைசித் தீவிலிருந்து ஆள் வந்தது.
ஐந்து பாளம், இன்றைக்கே.
கல்யாணமா என்றேன்.
செங்கமலம் போய்விட்டாள் என்றான்.

அட்டையில் அவள் டோ மியா த்வே.
மோன் மீனவனைக் கட்டிக்கொண்டு
முப்பது வருஷம் அங்கே கருவாடு காயவைத்தவள்.
என்னிடம் மட்டும் தமிழில் விலை பேசுவாள்.
திட்டுவதும் தமிழில்தான்.
மகன் தாய்லாந்திலிருந்து வரவேண்டும்.
இரண்டு இரவு தாங்கவேண்டும்.

ஆற்று நடுவில் சோதனைச்சாவடி.
சிப்பாய் கம்பியை உமிக்குள் விட்டுக் குத்தினான்.
என்ன இது?
ஐஸ்.
யாருக்கு?
செத்தவளுக்கு.
செத்தவளுக்கு எதற்கு ஐஸ்?
கேலியில்லை, நிஜமாகவே கேட்டான்.
மீசை முளைக்காத முகம்.
மேலதிகாரி சாப்பிட்டு வரட்டும் என்றான்.
படகடியில் தண்ணீர் சேர்ந்தது.
மின் சோ தகரக்குவளையால் இறைத்துக்கொண்டேயிருந்தான்.
அத்தனை தூரத்து வெயில் தின்னாததை
அவர் சாப்பாடு தின்றது.

இறக்கியபோது மூன்றுக்கும் குறைவு.
அவள் புருஷன் சாக்கை விலக்கிச் சாணால் அளந்தான்.
எப்போதும் அளப்பவள் அவள்.
கணக்கு அவனுக்குப் பிடிபடவில்லை.
மறுபடி அளந்தான்.
பிறகு ஐந்துக்கும் பணம் எண்ணினான்.
நான் இரண்டைத் திருப்பினேன்.
அவன் வாங்கவில்லை.
நோட்டு ஈரமாகி
இரண்டு பேர் கையிலும் ஒட்டிக்கொண்டது.

மறுநாள் விடியுமுன்
நகரத்துத் துறையில் ஒருவன் படகில் ஏறினான்.
தோளில் ஒரே பை, காலில் புதுச் செருப்பு.
இடமில்லை, பாளங்களின் மேலேயே உட்கார்ந்தான்.
வாத்துத்தீவு போனது.
கயிற்றுத்தீவு போனது.
அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
நாணல் தெரிந்ததும் கேட்டான்,
இன்னும் எவ்வளவு தூரம்ண்ணே,
தமிழில், அவளைப் போலவே
கடைசி எழுத்தை இழுத்து.

சாக்கை விலக்கி உமிக்குள் கைவிட்டேன்.
ஒரு சாண் என்றேன்.