ஏழாம் பிரிவு

வாடகை ஒப்பந்தத்தில் ஏழாவதாக எழுதியிருந்தது:
வளவில் மரம் எதுவும் நடக்கூடாது.
சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதற்கு அடுத்த வரி.

நான் நட்டது கொடி.
நட்டது என்றும் சொல்ல முடியாது.
பெரியநீலாவணையில் மீன் வாங்கப்போன காலை
யாரோ வேலி துப்புரவாக்கி
ஒழுங்கையில் எறிந்திருந்த ஒரு முழச் சீந்தில் தண்டு.
பையில் சூடைமீனுக்கு மேலே வைத்துக் கொண்டுவந்து
கிணற்றடித் தூணில் கட்டித் தொங்கவிட்டேன்.
பின்னேரம் ஊன்றுவோம் என்றுதான்.
மறந்துபோனேன்.

கல்முனையில் மருந்துக்கடையில் நிற்கிறேன்,
பன்னிரண்டு வருஷம்.
காலாவதித் திகதி பார்த்துப் பார்த்து
ஆட்களையும் ஒருதரம்
திருப்பிப் பார்க்கத் தோன்றும்.

மழை விட்ட ஒரு தை மாதக் காலை
தூணிலிருந்து நூலொன்று இறங்கியிருந்தது.
சிலந்தியாக்கும் என்று விளக்குமாற்றை எடுத்தேன்.
நூலின் நுனி பச்சை.
மண் இல்லாமல்
என் நினைப்பும் இல்லாமல்
அது தரையைத் தேடிக்கொண்டிருந்தது.
இன்னும் இரண்டு சாண் பாக்கி.

கட்டை அவிழ்க்கவில்லை.
நேர்கீழே ஓர் ஓட்டைச் சட்டியில்
குருமணலும் மாட்டெருவும் கலந்து வைத்தேன்.
வருகிறபோது வரட்டும்.

வந்தது.
இரண்டாம் வருஷம் குசினித் தகரம் முழுக்க
இதய வடிவில் இலை.
குணசீலன் மேலே பார்த்துச் சொன்னார்:
"வீட்டுக்காரன் கட்டாரிலிருந்து வந்தால்
இதுக்கும் சேர்த்து வாடகை கேப்பான்."

ஆட்கள் கேட்டு வந்தார்கள்.
காய்ச்சல் விட்டும் மூட்டு நோவு விடாதவர்கள்.
மருதமுனையிலிருந்து ஸ்கூட்டியில் பரீதா தாத்தா:
"எங்கட ஊட்டுல அவருக்குச் சீனி ஏறிட்டு புள்ள,
ரெண்டு துண்டு தாவன்."
என்ன குளிசை குடிக்கிறார், ஈரல் சோதித்ததா,
கடைப் பழக்கத்தில் எல்லாம் கேட்டேன்.
குளிசையை நிப்பாட்டவேணாம்,
டொக்டரிட்டக் கேக்காம இதக் குடிக்கவும் வேணாம்
என்று சொல்லியபடியே வெட்டிக் கொடுத்தேன்.
"அப்ப எதுக்குடி இதக் கொண்டுபோற நான்?"
"வேலியில கட்டுங்க."
சிரித்துக்கொண்டே கட்டினாராம்.

எங்கள் வீட்டில் ஒருவரும் குடித்ததில்லை.
நான் மட்டும் ஒருநாள்
நறுக்கிய விரலை நக்கிப் பார்த்தேன்.
காலைக் கசப்பு
இராச்சோறு வரை வந்தது.

பிறகு ஆவணியில் கடிதம்.
வீட்டுக்காரரின் மகளுக்குக் கலியாணம்.
ஒரு மாதத் தவணை.

போகிற அன்று தங்கவடிவேல் அண்ணன்
திறப்பு வாங்க வந்தார்.
சுவர் சுவராகத் தடவினார். ஆணி இல்லை.
கிணற்றடியில் நின்றார்.
"இது என்ன மரம்?"
"கொடி அண்ணன்."
ஒப்பந்தத்தை விரித்தார்.
கொடி என்று எங்கும் இல்லை.
கொஞ்சநேரம் யோசித்து
ஒரு நியாயத்துக்காக
அடியில் மட்டும் வெட்டினார்.
நான் ஒரு முழம் எடுத்து
லொறியில் காஸ் சிலிண்டர் கட்டிய கயிற்றோடு
சேர்த்துக் கட்டினேன்.

பாண்டிருப்பில் புது வீடு.
ஏழாம் பிரிவில் நாய்தான் கூடாது.

ஐப்பசியில், கடையில்,
இருமல் பாணிப் போத்தலைத் திருப்பிப் பிடித்திருந்தபோது
போன் அடித்தது.
"தங்கச்சி, அடிய வெட்டியும் அது சாகல்ல.
தகரத்துல இரிந்து நாலு நூல் விட்டிரிக்கி.
பந்தல் போட வந்தவன்
கழட்டவா எண்டு கேக்கான்.
நான் என்ன சொல்ல?"

பின்னால் யாரோ கம்பு இறக்கும் சத்தம்.

"நிலத்துக்கு எவ்வளவு பாக்கி அண்ணன்?"

"பொறு, பாக்கிறன்" என்றார்.
போனை வைக்காமல் அவர்
மணலில் நடந்துபோவது கேட்டது.