பன்னிரண்டாம் தேதி அடங்கிய வாரம்

பன்னிரண்டாம் தேதி அடங்கிய வாரத்தில்
ஒரு மணி நேரமாவது வேலை செய்து
சம்பளம் வாங்கியவர் எத்தனை பேர்?
மாதாமாதம் இதே கேள்வி.
விஸ்கான்சின், தொழிலாளர் துறை,
மூன்றாம் மாடி, சன்னலோர மேசை, என் குரல்.

பண்டம் ஆக்கும் தொழில்கள் என் பங்கு:
மரம் வெட்டுவது, மணல் தோண்டுவது,
வீடு கட்டுவது, இரும்பு வார்ப்பது,
பாலைக் கட்டியாக்குவது, காகிதம் உருட்டுவது.
கையில் எடுத்தால் கனக்கிற எதையாவது
செய்கிறவர்களை நான் எண்ணுகிறேன்.
முடிதிருத்துகிறவர், செவிலி, நான்,
எங்களை எண்ணுவது எதிர் வரிசை.

கெல்னர் காகித ஆலையில் ஆர்லிஸ் வாண்டஹை எடுப்பாள்.
பதினோரு ஆண்டுகளாக முகம் தெரியாத பழக்கம்.
"இருநூற்றுப் பதினான்கு" என்பாள்,
உருளைகளின் இரைச்சலுக்கு மேலே கத்தி.
நூற்றுத் தொண்ணூறு. நூற்று நாற்பத்தொன்று.
நவம்பரில் எண்பத்தாறு.
பின்னால் இரைச்சல் இல்லை.
ஆனாலும் கத்தித்தான் சொன்னாள்,
பழக்கம்.

டிசம்பரில் மணி அடித்துக்கொண்டேயிருந்தது.

பதில் தராத ஆலையை எங்கள் முறை சாகவிடாது.
அக்கம்பக்கத்துக் காகித ஆலைகள் எப்படியோ
அப்படியே இதுவும் என்று கொள்ளும்.
அவை அரை விழுக்காடு ஏறியிருந்தன.
ஆகவே கெல்னரிலும் ஆளெடுத்தோம்:
எண்பத்தாறு புள்ளி நான்கு.
அந்தப் புள்ளி நான்கு யார்?
ஒரு தோள், ஒரு கை, பாதி விசில்?
எனக்கு எண்ணுவதற்குத்தான் சம்பளம்,
எண்ணிப் பார்ப்பதற்கு இல்லை.

தம்பி வெண்டல் கான்கிரீட் ஊற்றுகிறவன்.
நிலம் உறைந்தால் அவன் வேலையும் உறையும்.
குளிர் முடியும்வரை என் சோபாவில்தான் அவன் முகவரி.
இந்த ஜனவரியில் கட்டுமானத்திலிருந்து
வீட்டுக்குப் போனவர்கள் ஒன்பதாயிரத்து நூறு.
போவார்கள் என்று பருவக் கணக்கு
எதிர்பார்த்தது ஒன்பதாயிரத்து நானூறு.
எனவே
முந்நூறு வேலைகள் கூடின.
அறிக்கையைத் தட்டச்சு செய்தது நானே.

வானொலியில் அதைக் கேட்டான், சூப் கிண்ணத்தோடு.
"யாரு அந்த முந்நூறு பேர்?"
"போகாதவங்க."
"போகாதவன் எப்படி வந்தவன் ஆவான்?"
பனிக்காலத்தைக் கழித்துவிட்டுப் பார்ப்போம் என்றேன்.
வெளியே வேலியை மூடிக் கிடந்தது பனி.
அவன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
"இன்னும் கொஞ்சம் கழிச்சிருக்கலாம்" என்றான்.

மார்ச்சில் ஆர்லிஸே அழைத்தாள்.
பூட்டிய அறையில் மணி அடிக்கிறது என்று
காவலாளி சொன்னானாம்.
இப்போது ஒரு பல் மருத்துவமனை முகப்பில் இருக்கிறாள்,
எதிர் வரிசைக்கு மாறிவிட்டாள்.
"அந்த டிசம்பர் வாரம் நான் மட்டும்தான்.
எல்லாருக்கும் கடைசிக் காசோலை போட்டு
எனக்கும் ஒண்ணு போட்டேன்.
என்னைச் சேர்க்கணுமா?"
"ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சீங்களா?"
"நாப்பத்தொன்பது."
"அப்ப ஒண்ணு."
ஜனவரிக்கு அவள் எதுவும் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை, கட்டத்தில் சுழியம் போட்டேன்.

எண்பத்தாறு புள்ளி நான்கிலிருந்து ஒன்று.
திரை சிவந்தது: மாற்றம் வரம்பு மீறியது,
காரண எண் தருக.
பருவம். வேலைநிறுத்தம். வானிலை. தீ.
பட்டியலின் அடியில் 'மற்றவை'.
திரை பச்சையானது.

திருத்திய அட்டவணை ஜூனில் வந்தது.
பழைய மாதங்களை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

அதற்கு முன்பே, ஏப்ரலில்,
வெண்டலை வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.
கூப்பிடுவார்கள் என்று கணக்குக்குத் தெரியும்,
அதனால் என் தாளில் ஒன்றும் நடக்கவில்லை.
முதல் நாள் முடிந்து காலணியோடே உள்ளே வந்தான்.
கதவிலிருந்து குளிர்பெட்டிவரை
சிமெண்டுச் சேறு,
பதினான்கு தடங்கள்.