பதினொரு ரப்பர்

சனிக்கிழமை துவைக்கப் பையைக் கவிழ்த்தேன்.
வாளிக்குள் பொத்துப் பொத்தென்று விழுந்தன
பதினொரு ரப்பர்.
ஒன்று தர்பூசணித் துண்டு,
ஒன்று பஸ்,
ஒன்றில் யாரோ கடித்த பல் தடம்.
ஒன்றுகூட நான் வாங்கித் தந்ததில்லை.

செழியனைக் கூப்பிட்டேன்.
வந்தான், வாளியைப் பார்த்தான்.
"கொடுத்தாங்க" என்றான்.
யார் என்றதற்குச் சுவரைப் பார்த்தான்.

கையை ஓங்கிவிட்டேன்.
சோப்பு நுரை முழங்கைவரை வழிய
இறக்கிவிட்டேன்.
அடிக்கவில்லை என்று பெருமைப்பட முடியாது.
"அப்பன் புத்தி" என்றேன்.
ஓசூரில் இன்னொரு வீடு வைத்திருப்பவனின் புத்தி.
எட்டு வயதுக்கு
அது என்ன கனம் என்று யோசிக்கவில்லை.

கம்பெனியில் மணிக்கு அறுபது காலர் தைக்கிறேன்.
குறைந்தால் மைக்கில் பேர் சொல்லுவார் சூப்பர்வைசர்.
ஆறு வருடத்தில் என் பேர் வந்ததில்லை.
இப்போது வாளிக்குள்ளிருந்து
யாரோ என் பேரைச் சொன்ன மாதிரி இருந்தது.

தயிர் டப்பாவில் ரப்பர்களை அள்ளிக்கொண்டு
அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கிளம்பினேன்.
பொம்மனஹள்ளி மெட்ரோ தூண்களில் நம்பர் இருக்கும்.
அழுதுகொண்டே எண்ணினான்.
எதற்காகவும் எண்ணுவதை நிறுத்தமாட்டான்.

முதல் வீடு பூட்டு.
அடுத்தது சுஹேல் வீடு. அவன் அத்தை
"இதுக்கா வந்தே" என்று சிரித்துவிட்டு
பஸ்ஸை மட்டும் எடுத்துக்கொண்டாள்.
மூன்றாவது லிகித் வீடு.
கிரானைட் படி.
இரண்டு படி கீழேயே செருப்பைக் கழற்றினேன்.
தெரிந்த கன்னடத்தையெல்லாம்
வழிநெடுகச் சேர்த்துவைத்திருந்தேன்:
தப்பாய்த்து, மகு, க்ஷமிசி.

வாயைத் திறக்குமுன் அந்த அம்மாள் கேட்டாள்:
"நீவேனா ஆ புளியோகரே அம்மா?"

லிகித் ஓடிவந்து விலை சொன்னான்.
புளிச்சோறு நான்கு ஸ்பூன், ஒரு ரப்பர்.
வேர்க்கடலை மட்டும் பொறுக்கினால் தனிக் கணக்கு.
வறுத்த மிளகாய் சேர்ந்தால் இரண்டு.
தக்காளிச் சோற்றுக்கு
யாரும் வருவதில்லை.

அவள் என்ன பொடி போடுகிறேன் என்று கேட்கிறாள்.
நானும் சிரித்திருப்பேன்.
நாலரைக்கு எழுந்து, அரைத்தூக்கத்தில் கிளறி,
ருசிகூடப் பார்க்காமல் மூடி அனுப்பும் சோறு.
அதற்கு ஒருத்தர் விலை சொல்லி
இதுவரை நான் கேட்டதில்லை.

படி இறங்கும்போதுதான் உறைத்தது.
இத்தனை மத்தியானம் இவன் என்ன தின்றான்?

காலி டப்பாவைக் கழுவும் ராத்திரிகளில்
நல்லா சாப்பிடுறான் என்று நினைத்தேன்.
சட்டைக்குள் தோளெலும்பு
ஹேங்கர் மாதிரி தெரிந்தபோது
வளர்கிறான் என்று நினைத்தேன்.
அரை நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கும் கண் இது.

"பசிக்கலையாடா?"
"பன்னெண்டரைக்கு மட்டும் பசிக்கும்.
அப்புறம் போயிடும்."
"ரப்பர் எதுக்கு?"
பதில் சொல்லாமல் டப்பாவைத் துழாவி
தர்பூசணியை எடுத்து என் மூக்கருகே நீட்டினான்.
சோப்பில் ஊறியும் போகவில்லை.
நிஜமாகவே பழ வாசனை.

கன்னடத்தில் சேர்த்த மன்னிப்பு
செலவாகாமல் நாக்கிலேயே கிடந்தது.
அதையே தமிழில்
பிள்ளையிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.
எனக்கும் யாரும் சொன்னதில்லை.
கோபி மஞ்சூரி வண்டியில் ஒரு பிளேட் வாங்கினேன்.
சுடச்சுட வாயில் போட்டு ஊதிக்கொண்டிருந்தவனிடம்
"காலையில சொன்னது தப்புடா" என்றேன்,
வண்டிக்காரர் எண்ணெய்ச் சத்தத்தில்
கேட்டும் கேட்காத மாதிரி.
அவன் குச்சியில் ஒரு துண்டைக் குத்தி
என் பக்கம் நீட்டினான்.
கேட்டதா என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை ஒரு ஆழாக்கு கூடப் போட்டேன்.
ருசியும் பார்த்தேன், உப்பு கொஞ்சம் தூக்கல்.
பெரிய டப்பா.
"நாலு ஸ்பூன் விக்கிறதுக்கு,
மிச்சம் நீ சாப்பிடணும், புரியுதா?"

இரண்டு கையாலும் டப்பாவைத் தூக்கி
எடை பார்த்தான் செழியன்.
"அம்மா,
வெலைய ஏத்தட்டுமா?"